இரண்டு மரக்கால் தவிடு

வெள்ளத்துரைக்கு இடது கைச் சுண்டுவிரல் மடங்கவில்லை. சட்டைப் பொத்தானைப் போடும்போதுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் பொத்தானோடு மல்லுக்கட்டியவர், மனைவி பூரணவல்லி பார்ப்பதைக் கண்டதும், "கையை மடக்கிப் படுத்துட்டேன் போல" என்று சிரித்தார். பூரணத்துக்குச் சிரிப்பு வரவில்லை. சுண்டுவிரலில் ஆரம்பிப்பது எது என்று செங்குளம் வட்டத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

அதன் பெயர் உறைவு. விரலில் தொடங்கி மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று ஏறும். ஒரு வருஷத்துக்குள் நெஞ்சை எட்டி மூச்சை நிறுத்திவிடும். நாற்பது வயதுக்கு மேல்தான் வரும். அப்பன் வழியாக மட்டுமே இறங்கும். அதிலும் பாதிப் பேரைப் பிடிக்கும், பாதிப் பேரை விட்டுவிடும். இருபது வயது நிறைவதற்குள் ஊசி போட்டுக்கொண்டால் உறைவு வராது, ஆனால் பிள்ளையும் பிறக்காது. ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பிடுங்கிக்கொள்கிற மருந்து.

அவர்களுடைய ஒரே மகள் ஆதிரைக்குப் பத்தொன்பது வயதும் ஒன்பது மாதமும் ஆகியிருந்தன.

ஆனால் வெள்ளத்துரைக்கு அது வரவே கூடாது. அவர் வெள்ளைக் கிளை. உறைவு இல்லாத வம்சத்துக்கு வெள்ளை, உள்ள வம்சத்துக்குச் சிவப்பு. அரசாங்கம் ஏற்றுக்கொண்ட வம்சாவளிக் கொடிவழியில், அவர் முப்பாட்டன் தவிட்டப்பனில் தொடங்கி இன்று உயிரோடு இருக்கும் நாற்பத்தொரு பெரியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வெள்ளை. அப்படி எழுதி முடித்தது வேறு யாரும் இல்லை, பூரணவல்லிதான்.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா சின்ன வயது. வெள்ளத்துரையின் விரலைத் தட்டிப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார். பிறகு கிளை எண்ணைக் கேட்டுக் கணினியில் தட்டினார். முகம் இறங்கிப்போயிற்று.

"வெள்ளைக் கிளையா இருக்கீங்களே. உறைவுன்னு எழுத எனக்கு அதிகாரம் இல்லம்மா. நரம்புத் தளர்ச்சின்னு எழுதித் தாரேன்."

"எழுதுறது கிடக்கட்டும். உங்களுக்கு என்ன தோணுது?" என்றாள் பூரணம்.

"எனக்குத் தோணுறது செல்லாது. உறுதியாச் சொல்லணும்னா மூளையை அறுத்துப் பாக்கணும். அதுக்கு..."

"அதுக்கு ஆளு போயிருக்கணும். அவ்வளவுதானே?" என்றார் வெள்ளத்துரை.

பூரணம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எச்சில் சோதனை எங்கயாவது..."

டாக்டரம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "நீங்களே வட்டத்துக் கொடிவழிப் பொறுப்பாளர். நீங்க இப்படிக் கேக்கலாமா? எச்சில் சோதனை வந்த அந்த ரெண்டு வருஷத்துல இந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை பொம்பளைப் பிணம் வந்துச்சு தெரியுமா? உறைவு இருக்கான்னு பாக்கப் போனவன், பிள்ளை தன்னுது இல்லைன்னு தெரிஞ்சு அரிவாளோட வீட்டுக்குத் திரும்பினான். தடை போட்டது நல்லதுக்குத்தான். திருட்டுத்தனமா எங்கேயாவது பண்ணிட்டு வந்தீங்கன்னாலும் அந்தச் சீட்டை எவனும் வாங்க மாட்டான். கொடிவழி சிவப்புன்னு சொன்னாத்தான் ஊசி."

பூரணத்துக்கு இதெல்லாம் தெரியாததா? எச்சில் உண்மையைச் சொல்லும், அந்த உண்மையைத் தாங்குகிற தெம்பு ஊருக்கு இல்லை. அதனால் சோதனையை ஒழித்துவிட்டு, ஊரே கூடி எழுதிய வம்சாவளியைப் பிடித்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் அது வெறும் பொழுதுபோக்கு. வட்டத்துக்கு வட்டம் நாலைந்து பேர் சேர்ந்து, கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கார்டு, கல்லறைக் கல், கோயில் ஏடு என்று கிடைத்ததையெல்லாம் படம் பிடித்து ஏற்றுவார்கள். அந்த வட்டத்துக்காரன் இந்த வட்டத்துக்காரனிடம் சந்தேகம் கேட்பான். கடல் தாண்டிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் கடிதம் எழுதுவார்கள். சண்டை நடக்கும், சமாதானம் நடக்கும். அப்புறம், பரம்பரையாக ரத்தத்தில் தூங்கிக்கிடந்த உறைவு விழித்துக்கொண்டது, சோதனைக்குத் தடை வந்தது. அவர்கள் விளையாட்டாகப் போட்ட கோடுகளெல்லாம் ஒரே நாளில் சட்டமாகிவிட்டன. ஊசி யாருக்கு, கல்யாணம் யாரோடு என்பதெல்லாம் அந்தக் கோடுகளின் நிறத்தைப் பார்த்துத்தான்.

வீட்டுக்கு வந்ததும் பூரணம் கூவலூர் சாஸ்தா கோயிலின் காதுகுத்து ஏட்டை எடுத்துப் பார்த்தாள். இருபதரை வருஷத்துக்கு முன்பு அவள் கையாலேயே படம் பிடித்து ஏற்றிய பக்கம். எழுத்து தெளிவாகவே இருந்தது.

"தவிட்டப்பன். மாடசாமி வீட்டில் தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை. தவிடு இரண்டு மரக்கால். வயது மூன்று."

இந்தப் பக்கத்தில் உள்ளூர்க்காரர் யாருக்கும் சந்தேகம் வராது. பிறக்கிற பிள்ளைகள் வரிசையாகச் செத்துப்போனால், அடுத்துப் பிறந்ததைப் பக்கத்து வீட்டுக்காரி கையில் கொடுத்துவிட்டு, ஒரு கைப்பிடித் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். தவிட்டு விலைக்குப் போன பிள்ளை எமனுக்கும் வேண்டாததாகிவிடும் என்று நம்பிக்கை. வட்டம் முழுக்கத் தவிட்டப்பன், தவிடம்மாள், பிச்சை, குப்பை என்று எத்தனை பெயர்! அத்தனையும் பெற்ற வீட்டுப் பிள்ளைகள்தான். மாடசாமி என்பவன் பக்கத்து வீட்டுக்காரன், சடங்குக்குக் கை நீட்டியவன், வேறொன்றும் இல்லை. அப்படித்தான் பூரணம் தீர்ப்புச் சொன்னாள்.

அன்றைக்கு அதை ஒத்துக்கொள்ளாதவர் ஒருவர் இருந்தார். மலேசியாவில் தைப்பிங்கிலிருந்து வந்திருந்த குணசீலன், மாடசாமியின் வம்சம். வேர் தேடி வந்தவர் பத்து நாள் பூரணத்தின் வீட்டில்தான் சாப்பிட்டார். வெள்ளத்துரைதான் அவரை மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகக் கூட்டிப் போனார். "பூரணம்மா, பஞ்சத்துல ஒரு பிள்ளைய வித்துட்டுத்தான் கப்பல் ஏறினோம்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க" என்றார் அவர். "சடங்குன்னா ஒரு கைப்பிடி போதுமே, எதுக்கு ரெண்டு மரக்கால்? பிறந்த பிள்ளைக்குச் செய்யுற சடங்கை மூணு வயசுல ஏன் செய்யணும்?"

"அண்ணாச்சி, இது எங்க ஊர் வழக்கம். வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு விளங்காது" என்று பூரணம் சிரித்தபடி சொல்லிவிட்டாள். இருபத்துநாலு வயசு, எல்லாம் தெரியும் என்கிற திமிர். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, புகுந்த வீட்டு வம்சத்தில் எவனோ விற்ற பிள்ளை என்று எழுத அவளுக்கு மனசும் வரவில்லை. இரண்டில் எது முந்தி என்று இப்போது அவளாலேயே சொல்ல முடியவில்லை.

ஒரு கைப்பிடித் தவிடு சடங்கு. இரண்டு மரக்கால் தவிடு சாப்பாடு. பட்டினி கிடந்தவன் மூன்று வயதுப் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, மற்றப் பிள்ளைகளுக்குக் கரைத்து ஊற்ற வாங்கிய சாப்பாடு. பூரணம் கணினியை அணைக்காமலே தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

குணசீலனின் அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் உறைவில்தான் போனார்கள். மாடசாமியின் கொடி முழுக்கச் சிவப்பு.

தவறைத் திருத்தலாம்தான். ஆனால் விதி ஒன்று இருந்தது. கிளையை முதன்முதலில் ஒட்டுவது பொறுப்பாளர் கையில். ஒட்டியதை வெட்டி வேறு இடத்தில் ஒட்ட வேண்டுமானால், அந்தக் கிளையின் பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் கையெழுத்துப் போட வேண்டும். நாற்பத்தொரு பேரில் முப்பத்தொரு பேர். எங்கள் வம்சத்தை நாங்கள்தான் எழுதுவோம் என்று ஊர் ஊராகப் போராடி வாங்கிய விதி. அந்தப் போராட்டத்தில் பூரணமும் கொடி பிடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாஸ்தா கோயில் மண்டபத்தில் கூடினார்கள். பூரணம் ஏட்டுப் பக்கத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோயிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லி, தன் தப்பு என்று எல்லோர் முன்னாலும் கும்பிட்டாள். வெள்ளத்துரை கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குள் மூன்று விரல் நின்றுவிட்டது.

கிளைக்குப் பெரியவர் பரமசிவம், வெள்ளத்துரையின் பெரியப்பா மகன். முழுதும் கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பினார்.

"நீதான எழுதுன? வெள்ளைன்னு நீதான சொன்ன? அதை நம்பித்தான எல்லாரும் பொண்ணு கொடுத்தோம், எடுத்தோம்? என் மகளுக்கு ஆவணியில கல்யாணம். இப்ப சிவப்புன்னு சொன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரன் பந்தல்காலைப் பிடுங்கிட்டுப் போயிருவான்."

"அத்தான், கல்யாணம் முக்கியமா, உசுரு முக்கியமா? இருபதுக்குக் கீழ பதினாறு பிள்ளைக இருக்கு. இப்ப ஊசி போட்டா பொழைச்சுக்கிடும்."

"பொழைச்சு? பிள்ளை இல்லாம வம்சம் அத்துப்போகவா? நம்ம முப்பாட்டன் தவிட்டுக்கு வித்த பிள்ளைன்னு நாளைக்கு ஊரே சிரிக்கும். வெள்ளத்துரைக்கு வந்திருக்கது வாதம். எண்ணெய் போட்டு நீவுனா சரியாப் போகும்."

வெள்ளத்துரையின் தம்பி செல்லத்துரை அதற்குத் தலையாட்டினான். அவன் மனைவி சந்தனமாரி எழுந்தாள். அவளுக்கு ஒரு மகனும் ஒரு மகளும். "யக்கா, உங்க வீட்டுல வந்த சங்கடத்தை எங்க வீட்டுலயும் வந்து இறக்காதீங்க" என்றாள். மண்டபத்தில் பலர் அவளுக்குத் தலையாட்டினார்கள்.

கையெழுத்துப் போட்டவர்கள் நாலு பேர். அதில் ஒருவர் வெள்ளத்துரை, வலது கையால்.

அன்று சாயங்காலம் பூரணம் குணசீலனைத் தொலைபேசியில் அழைத்தாள். இருபது வருஷம் கழித்து ஒரு மனுஷனிடம், நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொன்னாள்.

"அப்ப வெள்ளத்துரை எனக்குத் தம்பி முறையா?" என்றார் குணசீலன். "பத்து நாள் அவன் வண்டிக்குப் பின்னால உட்கார்ந்து போனேன் பூரணம்மா. தெரியாமப் போச்சே." அழுதாரா சிரித்தாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஊசி வந்தபோது அவருக்கு இருபது தாண்டிவிட்டது. சிவப்பு என்பதால் பெண்ணும் கிடைக்கவில்லை. சொந்தம் தேடியே பாதி ஆயுசு போன மனுஷன்.

"கிளையை மாத்த விடமாட்டேங்காங்க அண்ணாச்சி. ஆதிரைக்கு இன்னும் ரெண்டரை மாசம்தான் இருக்கு."

"ஒரு பிள்ளைய மட்டும் மாத்த வழியில்லையா?"

வழி இருந்தது. மண்டபத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போதே பூரணத்துக்கு அது தோன்றிவிட்டது. தோன்றியதும் உடம்பு கூசியது, அதனால்தான் அவளாக வாய் திறக்கவில்லை. எச்சில் சோதனையைத் தடை செய்த சட்டத்திலேயே ஒரு பிரிவு உண்டு. பிள்ளைக்குத் தகப்பன் யார் என்று சொல்லும் உரிமை தாய்க்கு மட்டும்தான். தாய் உறுதிமொழி கொடுத்து, அவள் பெயர் சொல்லும் ஆண் ஒத்துக்கொண்டால், மேல்கேள்வி கிடையாது. பெண்களைக் காப்பாற்றப் போட்ட பிரிவு. ஊருக்குப் பயந்து அதை இதுவரை எந்தப் பெண்ணும் தொட்டதில்லை.

"நீங்க ஒத்துக்கிடணும் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னாள் பூரணம். அவருக்கும் அந்தப் பிரிவு தெரியும், எத்தனை வருஷம் இதே வேலை பார்த்தவர்.

"உன் பேரு கெட்டுப்போகுமேம்மா."

"போகட்டும்."

வெள்ளத்துரையிடம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. பல நாள் தள்ளிப்போட்டு, வலது கையும் நின்றுபோன பிறகு, அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சொன்னாள். அவர் மென்றதை விழுங்கினார்.

"அவ எங்க ரத்தம்தான். பேரு மட்டும் வேற ஆளு பேரு. அதுலயும் பாரு, அந்த ஆளும் எங்க ரத்தம்தான்" என்று மெல்லச் சிரித்தார். "பொய்யைச் சொல்லிச் சரியான வீட்டுக்கே கொண்டுபோய் விடுத. பண்ணு, புள்ள. ஒரே வருத்தம், உன்னை நாலு பேரு நாக்குல நரம்பில்லாமப் பேசுவான். எந்திரிச்சு ஒரு அறை விட எனக்குக் கை இல்ல."

பூரணம் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்தது அவருக்குத் தெரியவில்லை.

ஆதிரை அவ்வளவு சுலபத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. "பாதிக்குப் பாதிதானம்மா? எனக்கு வராமலே போனா? பிள்ளையும் இல்லாம, அப்பா பேரும் இல்லாம நான் எதுக்கு?" என்று கத்தினாள். ஒரு மாதம் தாயும் மகளும் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒருநாள் அப்பாவுக்கு மூக்கில் ஈ உட்கார்ந்தது. அவரால் விரட்ட முடியவில்லை, கூப்பிடவும் வெட்கம். கதவோரம் நின்று அதைப் பார்த்த ஆதிரை ஓடிப்போய் ஈயை விரட்டிவிட்டு, அம்மாவிடம் வந்து, "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள்.

உறுதிமொழி பத்து நிமிஷ வேலை. அதிகாரி தலை நிமிரவே இல்லை. தைப்பிங்கிலிருந்து ஒப்புதல் மறுநாளே வந்தது. ஆதிரை குணசீலன் என்று புதுச் சீட்டு, சிவப்பு எழுத்தில். பிறந்தநாளுக்கு ஆறு நாள் இருக்கும்போது ஊசி போட்டார்கள்.

ஏட்டில் இருந்ததை நம்பாத ஊர், இதை ஒரே நாளில் நம்பியது. பத்து நாள் வீட்டில் தங்கினானே, அப்பவே நினைச்சோம் என்றார்கள். அப்போது பிறந்தே இராதவர்கள்கூட நினைத்திருந்தார்களாம். கொடிவழிக் குழு பூரணத்தைப் பொறுப்பிலிருந்து நீக்கியது. பரமசிவத்துக்கு ஒருவகையில் நிம்மதி. அழுக்கு, வாழ வந்த பூரணத்தின் பக்கம் போய்விட்டது, கிளை வெள்ளையாகவே நின்றது. ஆவணியில் அவர் மகள் கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. பூரணத்துக்குப் பத்திரிகை வரவில்லை.

மார்கழியில் வெள்ளத்துரை போய்ச் சேர்ந்தார். கடைசி மூன்று நாள் கண் மட்டும்தான் அசைந்தது. ஆதிரை பக்கத்தில் உட்கார்ந்து விடாமல் பேசிக்கொண்டே இருந்தாள். மூளையைப் பார்க்கட்டும் என்று பூரணம் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் உடலை வாங்கினாள்.

வாய்க்கரிசி போடும் நேரம் ஆதிரை அரிசியை அள்ளிக்கொண்டு குனிந்தாள். சந்தனமாரி அவள் கையைத் தட்டிவிட்டாள். "ரத்த சொந்தம் மட்டும் போடட்டும். நீ யாரு?" அரிசி தரையில் சிதறியது. பங்காளிகள் சுற்றி நின்று பார்த்தார்கள். நாற்பது பேரையும் பூரணம் ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஆதிரையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

மூன்று வாரத்தில் ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தது. உறைவு, சந்தேகமில்லை. சீட்டின் நகலைப் பூரணம் எல்லா வீட்டுக்கும் அனுப்பினாள். பரமசிவத்திடம் அதற்கும் பதில் இருந்தது. "அப்பன் வழியாத்தான வரும்? அப்ப வெள்ளத்துரையோட அப்பன் எங்க சித்தப்பா இல்லை. சித்தி எப்படிப்பட்டவளோ, யாருக்குத் தெரியும்?" செத்து இருபது வருஷமான ஒரு மனுஷியின் தலையில் அதையும் போட்டார்கள். செல்லத்துரை மட்டும் சித்தப்பாவுக்குப் பிறந்தவனாம், அவன் வெள்ளைதானாம். செல்லத்துரை அதற்கும் தலையாட்டினான். கிளையை மாற்ற இன்னொரு முறை கூட்டம் போடக்கூட யாரும் சம்மதிக்கவில்லை. தான் கிழித்த கோட்டைத் தன்னாலேயே அழிக்க முடியாது என்று பூரணத்துக்கு அன்றைக்குத்தான் முழுசாக உறைத்தது.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக் கண் அசரும் நேரத்தில் வாசல் கதவு தட்டப்பட்டது. திறந்தால் சந்தனமாரி. முக்காடு போட்டிருந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை.

பூரணம் வழிவிடாமல் நின்றாள். "என்ன?"

சந்தனமாரி பையிலிருந்து இரண்டு பிறப்புச் சான்றிதழை எடுத்தாள். "யக்கா, அன்னைக்கு நான் பண்ணதுக்கு எனக்கு நல்ல சாவு வராது. அதைப் பெறவு பேசிக்கிடுவோம். மகனுக்குப் பதினேழு, மகளுக்குப் பதினஞ்சு. அந்தத் தாய் உறுதிமொழிப் படிவம்... அதை எப்படி நிரப்பணும்?"

பூரணத்துக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் கோபம் வந்தது, பின்னாலேயே பயமும் வந்தது. "உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியாது. காலையில செருப்பு வாரை மாட்ட அவருக்குச் சுண்டுவிரல் மடங்கல. கட்டிப்போச்சு போலன்னு சிரிச்சாரு." சந்தனமாரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, "கிளையை மாத்தக் கையெழுத்துப் போடச் சொன்னா சாவாரே ஒழியப் போட மாட்டாரு. அவருக்குக் கிளை முக்கியம். எனக்குப் பிள்ளைக முக்கியம்" என்றாள்.

"உள்ள வா."

சந்தனமாரி வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யக்கா, அந்தத் தைப்பிங்காரரு எத்தனை பிள்ளைக்கு ஒத்துக்கிடுவாரு?"

"ஏன்?"

"பால் டிப்போகிட்ட இன்னும் அஞ்சு பேரு நிக்காங்க. பரமசிவத்து அத்தான் மருமகளும் வந்திருக்கா. எல்லாரும் சேர்ந்து வந்தா ஆம்பளைகளுக்குச் சந்தேகம் வரும்னு, நான்தான் ஒவ்வொருத்தியா வரச் சொன்னேன்."

பூரணம் உள்ளே போய் ஆளுக்கு ஒன்றாக ஆறு படிவம் எடுத்து வைத்துவிட்டு, தைப்பிங்குக்கு எண்ணை அழுத்தினாள்.